மனு எங்கே நிற்கிறது? கலெக்டர் அலுவலகக் கோடைப் பயிற்சி பற்றி

ஏப்ரல் பிறந்தால் போதும், என் துறை ஜூனியர்கள் யாராவது போன் செய்து "அக்கா, கலெக்டர் ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் எப்படிக் கிடைச்சது?" என்று கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். எம்.ஏ. பொது நிர்வாகம் முதலாண்டு முடிந்த கோடையில், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஒன்றின் ஆட்சியர் அலுவலகத்தில் பயிற்சி மாணவியாக இருந்தேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். நான் எழுதப்போவது சில மேசைகளைப் பற்றி. அந்த மேசைகளில் இன்னும் அதே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் பட்டம் முடித்தவர்களுக்கானது. இரண்டு ஆண்டு, தேர்வு, நேர்காணல், மாத ஊதியம் எல்லாம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போது கோடையில் போவது வேறு விஷயம். அதற்குப் பெரும்பாலும் அறிவிப்பு எதுவும் வராது. கல்லூரியிலிருந்து கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். எனக்குப் பணம் எதுவும் தரவில்லை. பஸ் செலவும் சாப்பாடும் நம் கையிலிருந்துதான், அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கடிதத்தில் "மாவட்ட நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று எழுதினால் அது நகராது. ஏன் என்பது உள்ளே போன பிறகுதான் புரிந்தது. அந்தக் கடிதமும் ஒரு தபால்தான். தபால் பிரிவில் அதற்கு எண் போட்டு, ஏதாவது ஒரு செக்ஷனுக்குக் குறிக்க வேண்டும். 'மாவட்ட நிர்வாகம்' என்ற பெயரில் எந்த செக்ஷனும் கிடையாது. "பட்டா மாறுதல் மனுக்கள் எப்படிப் பரிசீலிக்கப்படுகின்றன என்று படிக்க வேண்டும்" என்று எழுதினால் எந்த சீட்டுக்கு, அதாவது எந்த எழுத்தரின் மேசைக்குப் போக வேண்டும் என்பது தபால் பிரிக்கிறவருக்கே தெரிந்துவிடும். துறைத்தலைவர் கையெழுத்து, வரும் தேதி, போகும் தேதி, படிக்க விரும்பும் பொருள் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அஞ்சலில் அனுப்பிவிட்டு, நேரிலும் போய் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது) அறையில் ஒரு நகல் கொடுங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்.

தேர்தல் கோடையாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 2024-இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. அந்தக் கோடையில் வேறொரு மாவட்டத்துக்குப் போன நண்பன், நடத்தை விதிகள் காரணமாக மக்கள் குறைதீர் கூட்டமே நடக்காமல், வாக்குச்சாவடிப் பட்டியல் சரிபார்த்தே நாளைக் கழித்தான். தேர்தல் வேலையைப் பார்க்க ஆசை என்றால் அதைவிட நல்ல காலம் இல்லை. மனுக்களைப் பார்க்க வேண்டும் என்றால் அடுத்த வருடம் போங்கள்.

சேர்ந்த அன்று ஆட்சியரைப் பார்த்துவிட்டு வந்ததும், எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது. மேலதிகாரி அறைக்குப் பக்கத்தில் ஏசி ஓடும் ஒரு மூலையில் நாற்காலி போட்டுத் தர ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு செக்ஷனிலேயே இடம் கேட்டேன். இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். மேலே இருந்தால் ஆய்வுக் கூட்டங்களைப் பார்க்கலாம், பவர்பாயின்ட் பார்க்கலாம், ஜீப்பில் ஏறி நாலு ஊர் போகலாம். ஃபைல் கண்ணில் படாது. செக்ஷனில் இருந்தால் மின்விசிறிக் காற்றுதான், ஆனால் ஒரு தாள் வந்து சேர்வது முதல் கட்டி பதிவறைக்குப் போவது வரை கண்ணெதிரே நடக்கும்.

ஆரம்பத்தில் யாரும் வேலை தர மாட்டார்கள். அவர்களுக்கு நம்மைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கும்: கலெக்டர் அனுப்பின ஆளோ? அது நியாயமான சந்தேகம். நமக்கு ஆட்சியர் அறைக்குள் நுழைய முடிகிறது, இருபது வருடம் வேலை பார்த்த உதவியாளருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. அதனால் எந்த சீட்டில் எவ்வளவு நிலுவை, யார் தாமதமாக வருகிறார் என்பதையெல்லாம் மேலே போய்ப் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பேசவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வந்ததும்தான் பழைய ஃபைல்கள் என் மேசைக்கு வரத் தொடங்கின.

ஃபைல் படிக்கும் வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த ஒரு கண்காணிப்பாளர். முடிந்துபோன ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்து, "விஷயத்தைப் படிக்காதம்மா, தேதியைப் படி" என்றார். கோப்பில் குறிப்புப் பகுதி, நடப்புப் பகுதி என்று இரண்டு உண்டு. வந்த கடிதமும் அனுப்பிய கடிதமும் நடப்பில் இருக்கும். அலுவலகத்துக்குள் ஒருவர் எழுதி அடுத்தவர் ஒப்பமிட்டு மேலே போவது குறிப்பில் இருக்கும். ஒவ்வொரு சுருக்கொப்பத்துக்குக் கீழேயும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள் என்று பக்கத்தில் போட்டுப் பார்த்தால், தாள் எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும். இப்போது மின் அலுவலகம் வந்துவிட்டதால் திரையிலேயே அந்த நகர்வைப் பார்க்கலாம். ஆனாலும் தாளில் எழுதிப் பார்ப்பதைத்தான் சொல்வேன். எழுதும்போதுதான் இடைவெளி கண்ணில் படுகிறது.

வெளியில் இருக்கும் நாம் எல்லோரும் நினைப்பது, மனு கலெக்டர் ஆபீஸில் தூங்குகிறது என்று. நான் பார்த்த பட்டாக் கோப்புகளில் ஆட்சியர் அலுவலகத்துக்குள் தாள் நின்ற நாட்கள் குறைவு. அறிக்கை கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் குறிப்பாணை போன தேதிக்கும், அறிக்கை திரும்பி வந்த தேதிக்கும் நடுவில்தான் மாதங்கள் கிடந்தன. நடுவில் ஒரு நினைவூட்டு, இன்னொரு நினைவூட்டு, அவ்வளவுதான். சரி, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் மீதிக் கோடை போனது.

பெரும்பாலும் அங்கே நிற்பவர் நில அளவர். பட்டா மாறுதலில் இரண்டு வகை. ஒரு புல எண் முழுவதையும் அப்படியே வாங்கியிருந்தால் உட்பிரிவு தேவையில்லை, பதிவேட்டில் பெயர் மாற்றினால் போதும். ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் அளந்து, உட்பிரிவு செய்து, புலப்படத்தில் கோடு போட வேண்டும். அளப்பதற்கு முன் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒருவர் வெளியூர் என்றால் இன்னொரு தேதி. வயலில் பயிர் நின்றால் எல்லைக் கல் தெரியாது, அறுவடை முடியட்டும் என்பார்கள். பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு அளவர். அவரையே நீதிமன்ற வழக்குக்கும், ஆக்கிரமிப்பு அளவைக்கும், சாலைக்கு நிலம் எடுக்கும் வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். நான் கூடப் போன அளவர் காலை வயலில் சங்கிலி பிடித்துவிட்டு மதியம் கோர்ட்டுக்கு ஓடினார். லஞ்சம் இல்லை என்று சொல்ல வரவில்லை, அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். லஞ்சமே இல்லாவிட்டாலும் அந்த வரிசை நீளமாகத்தான் இருக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி.

இன்னொரு வகை மனு இன்னும் சிக்கலானது. வருவாய்த்துறையில் வயதானவர்கள் 'யூ.டி.ஆர்.' என்று சொன்னாலே ஒரு பெருமூச்சு விடுவார்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது அப்போதுதான். இன்று கணினியில் நாம் பார்க்கும் பட்டா அந்தப் பதிவுகளின் வழியில் வந்தது. அன்றைக்கு ஊரில் இல்லாதவர் பெயர் விடுபட்டது, அண்ணன் தம்பி கூட்டாக வைத்திருந்தது ஒருவர் பெயரில் மட்டும் ஏறியது, பரப்பு கூடியது குறைந்தது எல்லாம் இன்று மனுவாக வருகிறது. எழுத்துப்பிழை மாதிரியான திருத்தம் சீக்கிரம் தீரும். பரப்போ உரிமையோ மாறுகிறது என்றால் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போகும். பழைய 'அ' பதிவேடு (ஊரின் நிலப் பதிவேடு), தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கேட்பார்கள். உரிமையிலேயே தகராறு என்றால் வருவாய்த்துறை கைவிரித்துவிடும், உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் ஒரு பாட்டி. அப்பா நிலம் சித்தப்பா பெயரில் ஏறிவிட்டது, சித்தப்பாவின் பேரன்கள் இப்போது விற்கப் பார்க்கிறார்கள். பாட்டி ஒவ்வொரு முறையும் புதிய மனு, புதிய எண். ஒவ்வொன்றுக்கும் பதிலும் போயிருக்கிறது. பதிலில் "நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளுமாறு தெரிவிக்கலாகிறது" என்ற வரி இருந்தது. அதை யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. "கோர்ட்டுக்குப் போணும்னு சொல்லியிருந்தா அப்பவே போயிருப்பேன் தாயி" என்றார். மாவட்டத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதை அன்றைக்கு அவரிடம் சொன்னோம். நீங்கள் போகும்போது இந்த ஒரு தகவலை மனப்பாடமாக வைத்திருங்கள், கண்டிப்பாகத் தேவைப்படும்.

இனி திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாளன்று வாசலிலேயே போலீஸ் நிற்கும். பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே மனு கொடுத்து அலைந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்தது. மண்ணெண்ணெய் சோதனையை அலுத்துக்கொள்ளும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாசலைத் தாண்டுவது நல்லது.

உள்ளே கணினி வைத்த மேசைகளில் மனுவைப் பதிந்து எண் கொடுப்பார்கள். என்னை அங்கேதான் உட்கார வைத்தார்கள். டேட்டா என்ட்ரிதானே என்று முகம் சுளிக்காமல் உட்காருங்கள். மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஜன்னல் கிடையாது. பட்டா, முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, பாதை அடைப்பு, மகன் சோறு போடவில்லை, கணவன் குடிக்கிறான். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்து நின்றுபோனவர்கள்தான் அந்த வரிசையில் அதிகம் கோபப்பட்டார்கள், புதிதாகக் கேட்டவர்கள் பொறுமையாகவே நின்றார்கள்.

ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறாரா என்று பார்க்க ஆசைப்பட்டேன். மேலே போகும் அறிக்கையில் நிலுவை எத்தனை, முடிவு எத்தனை என்றுதான் இருக்கும். "தங்கள் கோரிக்கை விசாரணையில் உள்ளது" என்று பதில் போட்டாலும் அங்கே அது முடிந்த கணக்கில் சேர்ந்துகொண்டது. அவர் மறுபடி வந்தால் புது மனு. பழைய எக்செல் பட்டியல்களைக் கேட்டு வாங்கித் திறந்தால், பாதி தமிழ், பாதி கிறுக்கல். அலுவலகங்களில் பல வருடம் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியாக்கங்கள்தான் தரம் என்று 2010-லேயே அரசாணை வந்தும் பழைய விசைப்பலகைப் பழக்கம் போகவில்லை. எழுத்துரு மாற்றியைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடு ஆக்கிய பிறகுதான் தேடவே முடிந்தது. அப்போதும் 'முருகேசன்' ஒரு இடத்தில் 'முருகேஷன்', இன்னொரு இடத்தில் 'சு. முருகேசன்'. செல்போன் எண்ணை வைத்துத் தேடலாம் என்றால் பல மனுக்களில் ஒரே எண். விசாரித்தால், வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரின் எண்! கடைசியில் ஊர்ப் பெயரையும் புல எண்ணையும் சேர்த்து வைத்துத் தேடியதில்தான் ஆட்கள் பிடிபட்டார்கள். பட்டா மனுக்களுக்கு அது போதும். மற்ற மனுக்களுக்கு எனக்கு வழி கிடைக்கவில்லை.

இந்த வேலையில் ஜாக்கிரதை வேண்டும். மனுவோடு ஆதார் நகல், குடும்ப அட்டை, சில நேரம் மருத்துவச் சீட்டு எல்லாம் இருக்கும். எதையும் போனில் படம் எடுக்காதீர்கள். பட்டியலைச் சொந்த மடிக்கணினிக்குக் கொண்டுபோகாதீர்கள். அலுவலகக் கணினியிலேயே வேலையை முடித்து, பெயரும் எண்ணும் நீக்கிய தொகுப்பை மட்டும் எழுத்துமூலம் அனுமதி வாங்கி வெளியே எடுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் "மூலத் தரவு எங்கே?" என்று கேட்பார். தர முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் போகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு: ஜமாபந்தி. நாளிதழில் 'வருவாய்த் தீர்வாயம்' என்று வரும், ஆட்சியர் நில அளவைச் சங்கிலியைப் பார்வையிடும் படம் கூட இருக்கும். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிவது பசலி ஆண்டு. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அது முடிவதற்குள் ஒவ்வொரு ஊரின் கணக்குகளையும் வட்டத்துக்கு ஒரு அதிகாரி வந்து தணிக்கை செய்வார். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் (பயிர்க் கணக்கு), சிட்டா, 'அ' பதிவேடு என்று கட்டுக் கட்டாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, குறுவட்டம் வாரியாகக் காத்திருப்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வருவாய் நிர்வாகம் அங்கே ஒரே கொட்டகையில் இருக்கும். மனுவுக்கும் அது நல்ல நேரம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், நில அளவர், வட்டாட்சியர் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மாதக்கணக்கில் தபாலில் போய்வந்துகொண்டிருந்த கேள்விக்கு அங்கே ஐந்து நிமிடத்தில் பதில் கிடைப்பதைப் பார்த்தேன். என் கல்லூரி அறிக்கையில் நான் உருப்படியாக எழுதிய பத்தி இதைப் பற்றியதுதான். வாய்ப்பிருந்தால் கடைசி நாள் ஊர் மக்களைக் கூட்டி நடத்தும் குடிகள் மாநாடு வரை இருந்து பாருங்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கோப்புகள் தமிழில்தான் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு தமிழில் ஒரு பக்கம் எழுதாத நிலையில் நான் போனேன். 'பொருள்', 'பார்வை' என்று தொடங்கும் கடிதத்தை வரைவு செய்யச் சொன்னபோது விழித்தேன். பக்கத்து சீட்டு அக்கா ஒரு பழைய கடிதத்தைத் தூக்கிப் போட்டு, "இதைப் பார்த்து எழுது, பேரை மட்டும் மாத்து" என்றார். அப்புறம் அதிலேயே ஒரு ருசி வந்துவிட்டது. என்றாலும் அந்த நடை மனுதாரருக்குப் புரியாது என்ற எண்ணம் எனக்கு இன்றும் மாறவில்லை.

கிளம்பும்போது ஏதாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். இருபது பரிந்துரைகளோடு அறிக்கை தருவது வழக்கம். அது எந்த அலமாரிக்குப் போகும் என்பதை என் செக்ஷனிலேயே காட்டினார்கள். முன்னால் வந்த மாணவர்களின் ஸ்பைரல் பைண்டிங்குகள் அங்கே வரிசையாக இருந்தன. நான் ஒரே ஒரு தாள் தயாரித்தேன். பட்டா தொடர்பான மனுவுக்கு எந்தெந்த நகல்களை இணைக்க வேண்டும், எது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விஷயம், சட்ட உதவி எங்கே கிடைக்கும், பட்டா, சிட்டாவை இணையத்தில் எப்படிப் பார்ப்பது என்பவை அதில் இருந்தன. "இவை இங்கே ஏற்கப்படாது" என்ற வரியை நேர்முக உதவியாளர் அடித்தார். மனுவை வாங்க மாட்டோம் என்று எழுதி ஒட்ட முடியாது, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். மாற்றி எழுதி, பதிவு மேசையில் ஒட்டினோம். அங்கே யாரும் படிக்கவில்லை, கூட்ட நெரிசலில் எப்படிப் படிப்பார்கள்? மரத்தடி மனு எழுதுபவர்களிடம் சில நகல்கள் கொடுத்தோம். அவர்கள் படித்தார்கள். அடுத்து வந்த மனுக்களில் சிலவற்றில் புல எண் முதல் வரியிலேயே இருந்தது.

கடைசியாக, சான்றிதழ். அதுவும் ஒரு கோப்புதான்: குறிப்பு எழுதி, வரைவு வைத்து, மேலே போய் ஒப்பமாகி வர வேண்டும். அதிகாரிக்கு மாறுதல் வந்துவிட்டால் புதியவர் "இவங்க யாரு?" என்று கேட்பார். முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் சேர்க்கை ஆணையின் ந.க. எண்ணை (கோப்பு எண்) குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்துள்ள பக்கங்களின் நகலையும் இணைத்தால் அந்தக் குறிப்பை எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். எனக்குச் சான்றிதழ் கல்லூரி திறந்த பிறகுதான் வந்தது, துறையில் அதுவரைக்கும் சேர்க்கை ஆணையைக் காட்டிச் சமாளித்தேன்.